குடும்பத் திரைப்படங்களும் வரலாறும்

அரசர்தம் வெற்றிகளையும் ஆட்சி மாற்றங்களையும் ஏடுகளிலே காண்கின்றோம். ஒரு மகன் தன் தாயைக் காணக் காலந்தாழ்ந்து வந்தான் என்பதை எந்த ஏடும் குறிப்பதில்லை. ஆயினும், ஊர்விட்டு நகரம் புகுந்த மக்களின் வரலாற்றில் இஃதும் ஓர் உண்மையே. இதனைப் பேணி வைத்திருப்பவை ஆரவாரமற்ற சில குடும்பத் திரைப்படங்களாம்.

யப்பானியரான யசுஜிரோ ஓசு 1953ஆம் ஆண்டில் ஆக்கிய 'ரோக்கியோ கதை'யில், முதிய பெற்றோர் தம் மக்களைக் காணத் தலைநகர் வருகின்றனர். மக்கள் கொடியரல்லர், ஓய்வில்லாதவர். ஊர் திரும்பிய தாய் உயிர் துறக்கின்றாள். ஒசாக்காவில் புகையிரதப் பகுதியிலே பணிபுரியும் இளைய மகனோ, அவள் மூச்சு அடங்கிய பின்னரே வந்து சேர்கின்றான்.

சத்தியஜித் ராய் 1956இல் அளித்த 'அபராஜிதோ'வில், கல்கத்தாவிற் கற்கும் அபு விடுமுறை முடிந்து நிலையத்துக்குச் செல்கின்றான். வண்டி வந்தும் ஏறாது வீடு திரும்பி, அது தவறிவிட்டதெனத் தாயிடம் கூறுகின்றான். அந்த ஒரு நாளே அவள் பெற்ற பேறு. பின்னர் நோயுற்றபோது, மகனின் படிப்புக் கெடுமென அஞ்சி அவள் அறிவித்தாளில்லை. அவன் வருமுன் இறந்தாள். 1957இல் வெனிஸ் விழாவிலே பொற்சிங்கப் பரிசு பெற்றது இப்படம்.

நம் நாட்டில், மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் எடுத்த 'கம்பெரலிய', தென்னிலங்கைப் பெருங்குடும்பம் ஒன்றின் தேய்வைக் காட்டிற்று. யாழ்ப்பாணத்துக் குடும்ப வாழ்வைத் தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' 1977இல் திரைக்குக் கொணர்ந்தது.

அபுவின் கதை வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் புதிதன்று. 'அபராஜிதோ' வெளிவந்த அதே 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று. உத்தியோகத்தின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் கொழும்பில் அறையெடுத்துத் தங்கிய இளைஞருக்கு வண்டி இருந்தது, விடுமுறைதான் அரிதாயிற்று. 1983க்குப் பின் போர் மூண்டது. 1990இல் யாழ்ப்பாணப் பாதை அறுந்தது. 2014இலேயே புகையிரதம் மீண்டும் அந்நகரை அடைந்தது. பலர் கடல் கடந்தனர். வெள்ளவத்தை மாடிவீடுகளிலே தொலைபேசி மணிக்காகக் காத்திருந்த பெற்றோர் பலர்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். அபு தருணத்தைத் தவறவிட்டான். நம்மவருட் பலர்க்கோ தருணமே மறுக்கப்பட்டது. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வரலாற்று மாணவர் கடன். அதற்கான சான்றுகள் வீட்டுக் கடிதக் கட்டுகளிலும் முதியோர் நினைவுகளிலும் உள. அவற்றைக் கேட்டு எழுதிவைக்கும் மாணவன், வரலாற்றுக்குப் பணி செய்வதோடு, தன் பெற்றோர் அருகே ஒரு மாலைப்பொழுதும் அமர்ந்தவனாவான்.