இயந்திரத்தின் மொழியை யார் வாசிப்பது? கோலார் தங்கவயலிலிருந்து ஒரு கேள்வி

1902 ஜூன் மாத இறுதியில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளக் கம்பிவழியே கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே தங்கவயலின் சுரங்கப் பொறிகள் மின்னாற்றலால் இயங்கின. 1880 முதல் அச்சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் நிறுவனத்தின் காலத்தில் பொறியியலும் மேற்பார்வையும் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் வசம் இருந்தன. பாறையை உடைத்தவர்களும் பொறிகளுக்கு அருகில் நின்றவர்களும் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களுள் பெரும்பாலோர் தலித் மக்கள். ஷாஃப்ட், கேஜ், ஸ்கிப், ஷிஃப்ட் முதலிய சொற்கள் அவர்கள் பேச்சில் தமிழாகவே கலந்துவிட்டன. சொற்கள் கைமாறின, பொறியின் கணக்கும் வரைபடமும் அவ்வாறு கைமாறவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டபோது இந்த வேறுபாட்டின் விலை தெரிந்தது. மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து கூண்டை ஏற்றி இறக்கும் திறனுக்குத் தங்கவயலுக்கு வெளியே வேலை தரும் இடங்கள் மிகச் சில. வரைபடம் படித்துக் கடைசல் பிடிக்கத் தெரிந்த கைக்கோ பெங்களூரின் எந்தப் பட்டறையிலும் பொருளுண்டு. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படும் தொடர்வண்டிகளின் கூட்டம் இன்றும் அந்நகரின் அன்றாடக் காட்சி. ஒரே நிறுவனத்தோடு பிணைக்கப்பட்ட அறிவு அந்நிறுவனத்தோடு முடிந்துபோகும். பொதுமொழியில் கற்ற அறிவு உடன் பயணிக்கும்.

இப்படிப்பட்ட ஊரின் பள்ளியொன்று கணினி வழி இயங்கும் சிறிய துருவல் இயந்திரம், அதாவது சி.என்.சி. மில்லிங் மெஷின், வாங்குவதாகக் கொள்வோம். 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை வழங்குவதால், இத்தகைய கருவிகள் இனிப் பொறியியல் கல்லூரிகளுக்கு மட்டும் உரியவையல்ல. இயந்திரத்தைத் தேர்ந்த பிறகு எழும் கேள்வி, அதற்கு எந்தக் கேம் மென்பொருள் என்பது. திரையில் வரைந்த வடிவத்தை வெட்டுக்கருவியின் பாதையாக மாற்றித் தருவது அம்மென்பொருளே. விலையையும் வசதிகளையும் ஒப்பிட்டு விடை தேடுவது வழக்கம். அதன் வரலாறோ வேறோர் அளவுகோலைத் தருகிறது.

ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவுகளைத் துல்லியமாக வெட்டும் வழி தேடிய ஜான் பார்சன்ஸின் முயற்சியிலிருந்து எண்வழிக் கட்டுப்பாடு பிறந்தது. அமெரிக்க விமானப்படையின் நிதியுதவியோடு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 1952-இல் துளையிட்ட நாடாவால் இயங்கும் துருவல் இயந்திரத்தைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டியது. ஆனால் ஒவ்வோர் அசைவையும் கையால் கணக்கிட்டு நாடாவில் துளையிடுவது பெருஞ்சுமையாக இருந்தது. அச்சுமையைக் குறைக்க டக்ளஸ் ராஸ் தலைமையில் ஏ.பி.டி. என்னும் மொழி உருவாகி 1959-இல் அறிவிக்கப்பட்டது. கோடு, வட்டம், தளம் என ஆங்கிலத்தை ஒத்த சொற்களால் வடிவத்தை விவரித்தால், கருவி செல்லும் பாதையைக் கணினி கணக்கிட்டது.

ஏ.பி.டி.யின் முதன்மையான கொடை ஒரு பிரிவினை. கருவிப் பாதை எந்த இயந்திரத்தையும் சாராத பொதுவடிவில் முதலில் கணக்கிடப்படும். பின்னர் போஸ்ட் புராசசர் என்னும் தனி நிரல் அதைக் குறிப்பிட்ட இயந்திரத்தின் மொழிக்குப் பெயர்க்கும். இன்றைய கேம் மென்பொருள்களும் இந்தப் பிரிவினையின்மீதே நிற்கின்றன. இறுதியில் இயந்திரம் வாசிப்பது ஜி-கோட். 1982-இல் ஐ.எஸ்.ஓ. 6983 என்னும் தரமாக அது வெளிவந்தது. எனினும் வழக்கில் அது கிளைமொழிகளின் தொகுதியே. ஒரு கட்டுப்பாட்டுக் கருவியில் ஜி21 என்பது மில்லிமீட்டரைக் குறிக்கும். மற்றொன்றில் அதே பொருளுக்கு ஜி71 வேண்டும். வட்டவில்லின் மையத்தை ஒன்று வில்லின் தொடக்கப் புள்ளியிலிருந்து அளக்கும், இன்னொன்று ஆயத்தொலைவின் மூலப்புள்ளியிலிருந்து அளக்கும். மில்லிமீட்டரில் எழுதிய எண்ணை இயந்திரம் அங்குலமாக வாசித்தால் அசைவு 25.4 மடங்காகும். மொழிபெயர்ப்புப் பிழைக்கு இங்கே விலை முறிந்த வெட்டுக்கருவி. சில வேளை காயம்பட்ட விரல்.

ஆகவே பள்ளி கேட்க வேண்டிய முதற்கேள்வி, இந்த மொழிபெயர்ப்பாளர் யாருடையவர் என்பது. பள்ளியின் இயந்திரத்துக்குரிய போஸ்ட் புராசசர் கிடைக்கிறதா? அதைத் திறந்து படிக்கவும் திருத்தவும் இயலுமா? வரைந்த வடிவத்தை ஸ்டெப் போன்ற பொதுக்கோப்பாக எடுத்துச் செல்லலாமா? இணையம் அறுந்த நாளில் வகுப்பு நடக்குமா? உரிமம் முடிந்த மறுநாள் மாணவர் கையில் எஞ்சுவது என்ன?

கடைசிக் கேள்வி கற்பனையானதன்று. ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2020-இல் ஃபியூஷன் 360-இன் தனிப்பயன் இலவச உரிமத்தைச் சுருக்கியது. வேக நகர்வும் தானியங்கிக் கருவிமாற்றமும் அந்த உரிமத்தில் இல்லாமற் போயின. கல்வி உரிமம் பாதிக்கப்படவில்லை. அம்மென்பொருள் இன்றும் பல வகுப்பறைகளுக்கு நல்ல துணை. எனினும் இலவசம் என்பது வழங்குவோரின் விருப்பத்துக்கு உட்பட்டது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. 2002-இல் தொடங்கிய ஃப்ரீகேட் கட்டற்ற மென்பொருள். அதன் கேம் பகுதியின் போஸ்ட் புராசசர்கள் எவரும் படித்துத் திருத்தக்கூடிய பைத்தான் கோப்புகள். கற்பது சற்றுக் கடினம்; வெட்டுதலைத் திரையில் ஒத்திகை பார்க்கும் வசதியிலும் வணிக மென்பொருள்களுக்குப் பின்தங்கியே உள்ளது. கட்டற்ற மென்பொருளில் பொதுப்பள்ளிகளை நடத்த இயலும் என்பதைக் கேரளம் தன் கணினிக் கல்வியில் காட்டியுள்ளது.

பெங்களூர் ஆலைகள் மாஸ்டர்கேம் போன்றவற்றைத்தானே கேட்கின்றன என்னும் வாதம் வலுவானது. வறுமையறிந்த ஊரில் அதைப் புறக்கணிக்கவும் கூடாது. ஆனால் பள்ளம் வெட்டுதல், விளிம்பு வெட்டுதல், துளையிடுதல் என்னும் செயல்களும், சுழல்வேகம், ஊட்டுவேகம், வெட்டாழம் என்னும் கணக்குகளும் எல்லா மென்பொருளிலும் ஒன்றே. பட்டன்களின் இடம் சில வாரங்களில் பழகிவிடும். ஒரு சதுரத்தை வெட்டப் பத்து வரி ஜி-கோடைக் கையால் எழுதிய மாணவி, பின்னர் எந்த மென்பொருள் தரும் ஆயிரம் வரிகளையும் ஐயத்தோடு வாசிப்பாள். தவறான எண்ணை இயந்திரம் தொடங்குமுன் கண்டுபிடிப்பவளும் அவளே. எனவே கையெழுத்து ஜி-கோடு முதலில், திறந்து படிக்கத்தக்க கருவி அடுத்து, ஆலைகள் கேட்கும் வணிக மென்பொருள் அதற்கும் மேல் என்னும் வரிசை பள்ளிக்குப் பொருந்தும்.

சிவசமுத்திரத்து மின்சாரம் வந்த நாளில் தங்கவயல் நாட்டின் மிக நவீனமான ஊர்களுள் ஒன்று. அந்த நவீனத்தை இயக்கியவர்களின் பிள்ளைகளுக்கு அதன் மொழியை வாசிக்கும் உரிமை எளிதில் கிட்டவில்லை. பள்ளி மேசைமீது வைக்கப்படும் சிறு இயந்திரம் அந்த உரிமையைத் தர வல்லது. அது நிகழுமா என்பதை முடிவு செய்யும் இடங்களுள் ஒன்று, மென்பொருளைத் தேர்ந்து கையொப்பமிடும் அந்தக் கொள்முதல் தாள்.