புவிச் சூழல் மாற்றம்: பன்னாட்டுக் கூட்டாய்வு

புவிச் சூழல் மாற்றத்தைப் பல நாட்டு அறிவியலாளர்கள் கூடி ஆராயும் முறைக்கு வித்திட்டவர் ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படை அதிகாரி கார்ல் வைப்ரெக்ட். துருவத்தை யார் முதலில் எட்டுவது என்ற போட்டியால் அறிவியலுக்குப் பயனில்லை, பல இடங்களில் ஒரே காலத்தில் ஒரே முறையில் அளக்க வேண்டும் என்றார் அவர். 12 நாடுகள் சேர்ந்து நடத்திய முதல் பன்னாட்டுத் துருவ ஆண்டை (1882–83) அவர் காணவில்லை, 1881-இல் இறந்துவிட்டார். இரண்டாம் துருவ ஆண்டு 1932–33-இல் நடந்தது.

பெரும் பாய்ச்சல் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டில் நிகழ்ந்தது. பெயர்தான் ஆண்டு, 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை 18 மாதங்கள் நீடித்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்தபோதும் 67 நாடுகள் பங்கேற்றன. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் இரண்டிலும் தரவு மையங்கள் அமைந்தன. தைவான் சேர்க்கப்பட்டதால் சீனா விலகியது. அரசியலை முற்றிலும் வெளியே நிறுத்த முடிந்தது என்று சொல்வதற்கில்லை.

அந்த ஆண்டின் பெரும் பயன் பின்னாளில்தான் தெரிந்தது. 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலையில் அறிவியலாளர் சார்லஸ் கீலிங் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். பத்து லட்சத்தில் சுமார் 313 பங்கு இருந்தது. 1964-இல் நிதி வெட்டினால் அளவெடுப்பு சில மாதங்கள் நின்றது. அந்த ஆண்டுக்காக அண்டார்க்டிகாவில் பிரிட்டன் நிறுவிய ஹாலி நிலையத்தில் ஓசோன் அளவை ஆண்டுதோறும் குறித்துவந்தார்கள். அந்தச் சலிப்பூட்டும் பதிவுகளைக் கொண்டுதான் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் என்ற அறிவியலாளர் மூவரும் 1985-இல் ஓசோன் ஓட்டையை அறிவித்தனர். நிம்பஸ்-7 செயற்கைக்கோளும் அதைப் பதிந்திருந்தது. ஆனால் அந்தக் குறைந்த அளவுகள் ஐயத்துக்குரியவை என ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தன. அறிவிப்பு வந்த இரண்டே ஆண்டுகளில், ஓசோனைச் சிதைக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது.

இதே காலத்தில் கூட்டாய்வு அமைப்புகளும் பெருகின. 1980-இல் உலகக் காலநிலை ஆய்வுத் திட்டம், 1986-இல் ஒப்புதல் பெற்ற பன்னாட்டுப் புவிக்கோள-உயிர்க்கோளத் திட்டம், 1988-இல் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடைக் குழு. இந்தக் குழு சொந்தமாக ஆய்வு செய்வதில்லை. வெளிவந்த ஆய்வுகளை மதிப்பிட்டு அறிக்கை தருகிறது. புவிக்கோள-உயிர்க்கோளத் திட்டத்தின் 2000-ஆம் ஆண்டு மெக்சிகோ கூட்டத்தில்தான், இது மனிதர் உருமாற்றிய புவியூழி என்ற பொருளில் ‘ஆந்திரோபொசீன்’ என்னும் சொல்லை வளிமண்டல வேதியியலாளர் பால் குருட்சன் முன்வைத்தார். குருட்சனும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதனும் முன்னின்று நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு, 1999-இல் தெற்காசியாவை ஒட்டிய கடல்மீது பரந்துகிடந்த பழுப்பு மூட்டத்தை விரிவாக ஆராய்ந்தது. இந்தியாவின் ‘சாகர் கன்யா’ கப்பலும் இதில் சென்றது.

புவிக்கோள-உயிர்க்கோளத் திட்டம் 2015-இல் முடிந்தது. அதன் பணிகள் 2012-இல் அறிவிக்கப்பட்ட ‘ஃபியூச்சர் எர்த்’ அமைப்பில் சேர்ந்தன. 2022 நவம்பரில் மௌனா லோவா எரிமலை வெடித்து, ஆய்வு நிலையத்தின் சாலையும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டபோது, கீலிங் தொடங்கிய அளவெடுப்பு அருகிலுள்ள மௌனா கியா மலைக்கு மாற்றப்பட்டுத் தொடர்ந்தது.