திரைகள் பல, பார்வை ஒன்று

மேசைமீது இரண்டு கணிப்பொறித் திரைகளை அருகருகே வைத்துக்கொண்டு வேலை செய்வது, மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் இன்று வியப்புக்குரிய காட்சியன்று. கணக்கர் ஒரு திரையில் ரசீதுகளையும் மறு திரையில் பேரேட்டையும் விரித்து வைத்துச் சரிபார்க்கிறார். இது நேற்று வந்த பழக்கம் என்று எண்ணுவோர் பலர். ஆனால், ஒருவரே பல காட்டிகளை ஒருசேரக் கண்காணித்து வேலையை நடத்தும் முறை நம் பகுதிக்குப் பழையது. அணுசக்தி நகரை அடுத்த குன்றுக்கு அப்பால், டிராம்பேயில், அதன் வரலாற்றைக் காணலாம்.

1956-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள், அங்கே அப்சரா என்னும் அணு உலை முதன்முதலாக இயங்கியது. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. உலையைக் கட்டியவர்களோ நம் நாட்டினர். கட்டுப்பாட்டுக் கருவிகளை ஏ. எஸ். ராவ் தலைமையில் மின்னணுப் பிரிவினர் அமைத்தனர். அந்நாளில் கணிப்பொறித் திரை ஏது? முள் அசையும் அளவிகளும், ஓடும் தாளில் பேனா கோடிழுக்கும் பதிவுக் கருவிகளும், சிறு விளக்குகளுமே அக்காலக் கட்டுப்பாட்டு அறைகளை நிறைத்திருந்தன. உலையின் ஆற்றலைக் காட்டுவது ஒரு முள். அவ்வாற்றல் எத்துணை விரைவாகப் பெருகுகிறது என்பதைக் காட்டுவது வேறொரு முள். முதலாவதை மட்டும் நோக்குபவர் இப்போதுள்ள நிலையை அறிவார். இரண்டையும் சேர்த்து நோக்குபவரே அடுத்து வரவிருப்பதை அறிவார். ஆகவே அவை ஒரே பார்வையில் படும்படி அமையவேண்டும். ஓர் அடுப்பில் பால் பொங்குவதைக் கவனித்தவாறே மற்றோர் அடுப்பில் தாளிப்பவர்களுக்கு இதனை நாம் விளக்கவேண்டியதில்லை.

திரை வந்த வழி வேறு. பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் உருவான டிஃப்ராக் கணிப்பொறி 1960-இல் பயனுக்கு வந்தது. அதனோடு கதிர்க்குழாய்த் திரையொன்றும் இணைக்கப்பட்டிருந்தது. வரைபடங்களும் எழுத்துகளும் அதில் ஒளிர்ந்தன. விடைகளைத் தாளில் அச்சிட்டுப் படிப்பதே வழக்கமாயிருந்த நாளில் இது சிறிய செய்தியன்று. 1969-இல் டிராம்பேயிலேயே வடிவமைத்த டிடிசி-12 என்னும் கணிப்பொறியும் வெளிவந்தது.

காட்டிகள் பெருகப் பெருக வேலை எளிதாகும் என்று நம்பியிருந்த காலம் அது. அந்நம்பிக்கையை அசைத்த நிகழ்ச்சி அமெரிக்காவில் நேர்ந்தது. 1979 மார்ச் 28 விடியற்காலை, பென்சில்வேனியா மாநிலத்தின் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறிற்று. பலகையிலிருந்த விளக்கு அணைந்ததைக் கண்டு, வால்வு மூடிவிட்டது என்று பணியாளர் கருதினர். அவ்விளக்கு காட்டியதோ, மூடும்படி கட்டளை சென்றதை மட்டுமே. வால்வு மூடியதை அன்று. முதற்சில நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் எழுந்தன. எதை முதலில் பார்ப்பது? எச்சரிக்கைகளை அச்சிடும் பொறி ஒரு கட்டத்தில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கிவிட்டது. உண்மையைக் காட்டக்கூடிய அளவியொன்று அவ்வறையிலேயே இருந்தது. வெளியேறும் நீர் சென்று சேரும் தொட்டியின் அழுத்தத்தை அது காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஏழடி உயரமுள்ள முதன்மைப் பலகைக்குப் பின்புறத்தில் அதை வைத்திருந்தார்கள்! வால்வுக்கு முன்னுள்ள அடைப்பானை மூடுவதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடந்துவிட்டது. உலையின் உட்பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகிற்று.

பணியாளரைக் குறைகூறுவது எளிது. பலகையை அமைத்தவர்களைக் கேட்பதே முறை என்பது நம் கருத்து. இவ்விபத்துக்குப் பின், உலையின் பாதுகாப்புக்கு இன்றியமையாத சில அளவுகளை மட்டும் ஓரிடத்தில் திரட்டிக் காட்டும் திரைகளை அமைக்குமாறு அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் பணித்தது. கட்டுப்பாட்டு அறையின் அமைப்பே தனியொரு துறையாக வளர்ந்தது. பிற்கால நிலையங்களில், யாவரும் காணும் பெருந்திரை ஒன்று முழுநிலையையும் காட்ட, அவரவர் மேசைத் திரைகள் நுணுக்கங்களைக் காட்டும் அமைப்பு பரவிற்று.

மேசைக் கணிப்பொறிக்கு இவ்வசதி பின்னரே வாய்த்தது. 1987-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் 2 பல திரைகளை ஒரே பரப்பாக இணைத்துக் காட்டியது. விண்டோஸ் 98 வந்தபின் அது பொதுவழக்காயிற்று. மூலத்தை ஒரு பக்கம் வைத்து மொழிபெயர்ப்பவருக்கும், ரசீதையும் பேரேட்டையும் ஒப்பிடும் நம் கணக்கருக்கும் இரண்டாம் திரை மெய்யாகவே நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஒன்றை மறைத்து மற்றொன்றைத் திறக்கும்போது எண்ணை நினைவில் சுமக்கவேண்டிய தொல்லை அவர்களுக்கு இல்லை. தனித்திருந்து ஒரே கட்டுரையை எழுதுபவரின் நிலை வேறு. அவர் மேசையில் இரண்டாம் திரை பெரும்பாலும் கடிதங்களும் அரட்டையும் எட்டிப்பார்க்கும் சன்னலாகவே இருந்துவிடுகிறது.