பாடுவாரும் கேட்பாரும்

கருவியின் அளவிற் பாட்டு அடங்குமோ என்னும் வினா சைவவுலகிற்குப் புதியதன்று. திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வாசிப்பினாலேயே திருப்பதிகங்கள் பரவுகின்றன என்று தருமபுரத்தில் அவர்தம் சுற்றத்தார் கூற, பாணர் அஞ்சிப் பிள்ளையாரிடம் விண்ணப்பித்துக் கருவியில் அடங்காத பதிகமொன்றைப் பெற்றார் என்றும், இசைக்கமாட்டாது யாழை உடைக்கத் துணிந்த அவரைப் பிள்ளையார் தடுத்து, இயன்ற அளவில் வாசிக்கப் பணித்தார் என்றும் பெரியபுராணம் கூறும். யாழ் எட்டாத இடத்திலே பாட்டுக் குறைக்கப்படவில்லை என்பது நோக்கற்பாலது.

பிற்காலக் கருவி அங்ஙனம் பணிந்ததில்லை. 1877-இல் எடிசன் ஒலிப்பதிவுப் பொறியைக் கண்டார். 1902-இல் கல்கத்தாவிற் கௌஹர் ஜானின் பாட்டு இசைத்தட்டில் ஏறிற்று. அக்காலத் தட்டின் ஒருபக்கம் ஏறக்குறைய 3 நிமிடமே ஒலிக்கும். ஆதலின் ஆலாபனை சுருங்கிற்று. பதினொரு திருப்பாட்டுடைய பதிகத்தில் ஒன்றிரண்டிற்கே அதில் இடமுண்டு. 1948-இல் நெடுந்தட்டு வந்தபின் அக்குறை தளர்ந்தது.

இன்றோ தட்டும் வேண்டா. 2008-இல் ஐரோப்பாவில் தொடங்கி 2019-இல் இந்தியாவிற்கு வந்த ஸ்பாட்டிஃபை போல்வன, வேண்டிய பாட்டை வேண்டிய கணத்திற் கைப்பேசியிலே தருகின்றன. 30 விநாடி ஒலித்தாலே ஒருமுறை கேட்டதாக அங்கே கணக்கு. பண்ணின் உருவம் புலனாகு முன்னரே கணக்கு முடிந்துவிடுகின்றது! எனினும், ஓதுவார் இல்லாத ஊரிலும், கடல் கடந்த மனையிலும் தேவாரம் ஒலிப்பது பெரும்பேறே. அதனை இகழ்தல் நன்றியன்று.

இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. சம்பந்தர் பதிகங்களின் திருக்கடைக்காப்பு, பயனைப் பெரும்பாலும் பாட வல்லார்க்கே உரைக்கின்றது. தஞ்சை இராசராசேச்சரத்திலே திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய நாற்பத்தெண்மரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் முதலாம் இராசராசன் அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் நாடோறும் முக்குறுணி நெல் வகுத்தான். ஒருவர் இறந்தால் உறவினர் அப்பணியைப் பெறுவர். அவர்க்குத் தகுதியில்லையேல் தகுதியுடைய வேறொருவரைத் தேர்க என்பதும் அக்கல்வெட்டின் விதி. உரிமையினும் பாடும் வன்மையே அங்குப் பெரிதாயிற்று. பாட்டை என்றும் நிலைபெறச் செய்வதற்கு அக்காலத்தார் கண்ட வழி, பாடுவாரை என்றும் நிலைபெறச் செய்தலே. பதிவோ பாடுவார் ஒருவரைக்கொண்டே எண்ணிறந்த கேட்பாரை ஆக்குகின்றது. திருப்பாட்டு இரண்டு முடிந்தவுடன் வேறொரு பாட்டுத் தானே தொடர்தலின், கடைக்காப்பு வரை செல்வாரும் சிலரே. பதிகம் ஒலிக்கும் மனையில் உடன் பாடுவார் எத்துணையர் என்பது அந்நிறுவனங்களின் கணக்கில் ஏறுவதில்லை.