மலையகத்தில் நாட்குறிப்பு

நாட்குறிப்பு என்பது ஒருவர் தம் நாளில் கண்டது, கேட்டது, செலவழித்தது, நினைத்தது ஆகியவற்றைத் தேதியிட்டுத் தாமே எழுதிவைக்கும் பதிவு. தினசரி, டயரி என்றும் சொல்வர். இலங்கையின் மத்திய மலைநாட்டில், குறிப்பாக நுவரெலியா, அட்டன், தலவாக்கலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், இதற்குத் தனியான ஒரு வரலாறு உண்டு. இங்கே தொழிலாளியின் ஒவ்வொரு நாளும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்டே வந்திருக்கிறது. எழுதியவர் அந்தத் தொழிலாளி அல்லர். தோட்டத்துக் கந்தோரில் (அலுவலகத்தில்) அவரது நாளைப் பதிந்த பேரேட்டுக்கு எதிர்க்கணக்காகவே, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டுக் காம்பராவில் ஒரு கொப்பி பிறந்தது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. மனப்பாரம் இறக்கவும் தன்னைத் தான் அறியவும் நாட்குறிப்பு எழுதுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் மலையகத்தில் பின்னால்தான் வந்து சேர்ந்தன.

தமிழில் நாட்குறிப்பு என்றதும் நினைவுக்கு வருபவர் புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761). பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த இவர் 1736 முதல் தாம் இறக்கும் வரை எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, அரண்மனைச் சூழ்ச்சி, வீட்டுச் சாவு, சோதிடர் சொன்னது எல்லாம் அதில் அடுத்தடுத்து வரும். வணிகரின் கணக்கெழுதும் கை அது. பணத்தோடு மனிதரையும் வரவு வைத்தது. அவர் குடும்பத்தில் பின்வந்தவர்களும் அந்தப் பழக்கத்தைத் தொடர்ந்தனர். ஆனால் இந்த மரபு கடல் கடந்து மலையேறவில்லை. 1820களில் தொடங்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களின் ஏழைக் குடியானவர்கள், பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். கணக்கு அவர்களோடு வந்தது, ஆள்சேர்த்துக் கொண்டுவந்த கங்காணியின் கையில்.

துரைமார் எழுதியவை

மலையில் முதலில் எழுதியவர்கள் வெள்ளைக்காரத் துரைமார். 1867இல் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், 1852இல் பதின்ம வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர். 1892இல் இறக்கும்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதே மலையில் இருந்தார். ஊரிலிருந்த தகப்பனாருக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்று ஸ்கொட்லாந்தின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. காட்டை வெட்டியதும் குடிசை கட்டியதும் கூலியாட்களோடு மல்லுக்கட்டியதும் நமக்குத் தெரிவது அவற்றால்தான். தனிமையே அவரை எழுத வைத்தது. பேச்சுத் துணைக்குத் தன் மொழிக்காரன் இல்லாத இடத்தில் காகிதமே துணை.

அரசு உத்தியோகத்தர்கள் எழுதியதற்குக் காரணம் வேறு: அது உத்தரவு. அரசாங்க அதிபர்களும் உதவி அதிபர்களும் அன்றன்றைய அலுவலை நாட்குறிப்பாக எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது குடியேற்ற ஆட்சியின் நடைமுறை. அவற்றில் மிகவும் பேர்பெற்றது லெனார்ட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் எழுதியது. அதற்கு முன் அவர் கண்டிக் கச்சேரியில் வேலை பார்த்தவர். பிற்காலத்தில் அவர் மணந்த வர்ஜினியா வூல்ஃப், ஒரு பெண் எழுத வேண்டுமானால் அவளுக்கென்று ஓர் அறையும் கொஞ்சம் பணமும் வேண்டும் என்று 1929இல் வாதாடினார். அதே காலத்தில் மலையில் பன்னிரண்டுக்குப் பத்தடிக் காம்பரா ஒன்றில் ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து, உண்டு, உறங்கி, பிள்ளை பெற்றது. ஒளித்து எழுத மூலை ஏது?

செக்ரோல்

விடியுமுன் தப்புப் பறை ஒலிக்கும். வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். யார் எந்த மலைக்கு, யாருக்குக் கொழுந்து, யாருக்கு முள்ளு (மண் கிளறல்), யாருக்குக் கவ்வாத்து (செடி வெட்டல்) என்று கணக்கப்பிள்ளை பிரித்து அனுப்புவார். அன்றைய வேலை செக்ரோல் என்னும் வருகைப் பேரேட்டில் ஏறும். முழுநாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து குறைந்தாலோ நேரம் பிந்தினாலோ அரைப்பேர். “இன்னைக்கு அரைப்பேருதான் போட்டாங்க” என்று ஒருத்தி லயத்துக்குத் திரும்பி வந்து சொன்னால் அதில் கோபமும் உண்டு, கடைக்கடன் பற்றிய கவலையும் உண்டு. மாதம் முடிந்ததும் சம்பளம் அந்த ஏட்டின்படி. பிள்ளைப்பேறு, காய்ச்சல், ஊர்ப்பயணம், சாவு எல்லாமே அந்த ஏட்டில் வெற்றுக் கட்டங்கள்தான். ஏன் வரவில்லை என்பது அதற்குத் தேவையில்லை.

இதைவிடக் கொடியது கங்காணியின் கடன் கணக்கு. தென்னிந்தியாவிலிருந்து ஆளைக் கொண்டுவரச் செலவான பணம், அரிசி, கம்பளி எல்லாம் தொழிலாளியின் பேரில் எழுதப்பட்டன. எழுதப்பட்டதை வாசிக்க அவரால் முடியாது. இந்தக் கடனைத் தீர்த்தால் இந்தக் கூட்டத்தை விட்டுவிடுவேன் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் ‘துண்டு’ ஒன்று தோட்டம் விட்டுத் தோட்டம் ஆட்களை மாற்றியது. கடனும் சேர்ந்து மாறியது. 1921இல் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்திறங்கியவர்களுக்குத் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டும் கொடுக்கப்பட்டது. ஆளைப் பற்றிய எழுத்து ஆளின் கழுத்திலேயே தொங்கிய காலம் அது.

இந்த நிலையில் எழுத்துப் பழகிய தொழிலாளி முதலில் எதை எழுதுவார்? தன் பேரைத்தான் எண்ணுவார். எத்தனை நாள் வேலை, எத்தனை இறாத்தல் கொழுந்து, முற்பணமாக வாங்கியது எவ்வளவு என்று. பிள்ளைகளின் பழைய பள்ளிக் கொப்பியின் பின்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கியவை அவை. 1907ஆம், 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டங்களில் பள்ளி நடத்தச் சொன்னாலும், ஒற்றை ஆசிரியரும் ஒரே அறையுமாகச் சில வகுப்புகளோடு முடிந்த படிப்பு அது. அந்தப் படிப்பே இதற்குப் போதுமாக இருந்தது. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கிலோக்களைக் கழிப்பது பற்றிய முறைப்பாடு இன்றும் ஓயவில்லை. ஆகவே சொந்தக் கணக்கு எழுதும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். சீட்டுப் பிடிப்பவர்களின் கொப்பியும் கடைப் பற்றுக் கொப்பியும் இந்த வகையைச் சேர்ந்தவையே. இவற்றை நாட்குறிப்பு என்று ஒப்பாதவர்கள் ஆனந்தரங்கப் பிள்ளையும் கணக்கெழுதும் கையோடுதான் தொடங்கினார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

காகிதம் இல்லாதவர்கள்

தேதி போட்ட ஒரு தாள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் என்பதை மலையகம் 1948இல் அறிந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவழியை நிரூபிக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் வசிப்பை நிரூபிக்கச் சொன்னது: மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய ஏழு ஆண்டுகள், மணமாகாதவர் பத்து ஆண்டுகள் இடையறாது இலங்கையில் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு அவகாசம். ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சுமார் எட்டு லட்சம் பேருக்காகப் போயின. பல ஆண்டு விசாரணைக்குப் பின் பிரசாவுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர்.

விசாரணையில் கேட்ட கேள்விகள் ஒரு நாட்குறிப்பாளர் எளிதில் பதில் சொல்லக்கூடியவை. எந்த ஆண்டு எந்தத் தோட்டம்? ஊருக்குப் போனது எப்போது, திரும்பியது எப்போது? பிள்ளை பிறந்தது எந்தத் தேதி? இங்கே தேதி சொல்லும் வழக்கம் வேறு: “பெரிய வெள்ளம் வந்த வருசம்”, “பழைய துரை போன மாசம்”. பிறப்புப் பதிவில் ஒரு பேர், செக்ரோலில் ஒரு பேர், கூப்பிடுவது இன்னொரு பேர். தோட்டத்துக் கந்தோரின் ஏட்டைத்தான் கடைசியில் நம்ப வேண்டியிருந்தது. தன்னை ஆட்டிவைத்த ஏட்டையே தனக்குச் சாட்சியாகக் கேட்டு நிற்பதைவிட ஒருவருக்கு வேறென்ன அவமானம் வேண்டும்!

1964 ஒக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவழியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கப்பலேறியவர்கள் டிரங்குப் பெட்டியில் கட்டிக்கொண்டு போனது பெரும்பாலும் காகிதங்களை: கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, தோட்டத்துச் சான்று. நீலகிரியின் கூடலூர், கோத்தகிரி வீடுகளில் அவை இன்னும் பத்திரமாக இருக்கின்றன. நாடற்றிருந்தவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தபோதும், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் வசித்ததே அளவுகோல். பிரசாவுரிமைக் கடிதம், பிறப்புச் சான்று, பள்ளி விடுகைப் பத்திரம் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைக்கும் வழக்கத்தை வெறும் பழக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களில் வடக்கே வன்னிக்கு ஓடியவர்களுக்கு அந்தப் பைகூட எல்லாருக்கும் மிஞ்சவில்லை.

பாட்டும் கடிதமும்

மனத்தில் இருப்பதைச் சொல்ல எழுத்தறியாத பெண்களுக்குப் பாட்டு இருந்தது. கொழுந்து மலையில் தெம்மாங்கு, தொட்டிலருகே தாலாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி. கங்காணியின் பேரும் துரையின் கொடுமையும் கடலில் மாண்டவர் கதையும் அவற்றில் ஏறின. தேதி மட்டும்தான் இல்லை. மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை இவற்றைத் தேடித் தொகுத்தார். 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலாயிற்று. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையோ பாட்டு எழுதி அச்சிட்டு, கூட்டங்களில் தாமே பாடினார். காமன் கூத்து வாத்தியார்களின் கையெழுத்துக் கொப்பிகளும் இந்த மரபில் எண்ணத்தக்கவை.

கடிதம் அடுத்தது. தோட்டத்துத் தபாலைக் கந்தோர் வழியாகத்தான் வாங்க வேண்டும். எழுதத் தெரிந்த பள்ளிக்கூட வாத்தியாரே பல குடும்பங்களின் கையும் கண்ணும். ஊர் உறவுகளின் அந்தரங்கம் முழுவதும் அவருக்குத் தெரியும். தாயகம் திரும்பியோர் கூடிய காலத்தில் கடிதப் போக்கும் கூடியது. தலைமன்னார்-இராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்றபின் பல குடும்பங்களுக்கு நீல நிற வான்கடிதமே மிச்சம்.

நாட்குறிப்பு வெளியிலிருந்தும் மலைக்கு வந்தது. காந்தி 1927 நவம்பரில் இலங்கை வந்தபோது அட்டனிலும் நுவரெலியாவிலும் பேசினார். தம் ஆசிரமவாசிகள் எல்லாரும் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர். உடன் வந்த செயலாளர் மகாதேவ தேசாய், நாட்குறிப்பையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர். அந்தப் பயணம் அடுத்த ஆண்டே நூலாயிற்று. மலைக்கு வந்த விருந்தாளி எழுதிய பதிவு கைக்குக் கிடைக்கிறது, கேட்டு நின்ற தொழிலாளி எழுதியது கிடைக்கவில்லை.

தன் வரலாறு எழுதும் வசதி பின்னர் தலைவர்களுக்கு வாய்த்தது. இறம்பொடைப் பக்கத்து வேவண்டன் தோட்டத்தில் தொழிலாளியாகத் தொடங்கி அதன் உடைமையாளரான கருப்பையாவின் மகன் சௌமியமூர்த்தி தொண்டமான் தம் கதையை ஆங்கிலத்தில் இரு பாகங்களாக எழுதினார். தெளிவத்தை ஜோசப் போன்ற ஆசிரியர்களும் தோட்ட உத்தியோகத்தர்களும் நாட்குறிப்பில் எழுதியிருக்கக்கூடியதைச் சிறுகதையில் எழுதினார்கள். மலையகச் சிறுகதை பலவும் நாட்குறிப்பின் வேலையையே செய்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இனி, தொடக்கத்தில் சொன்ன மனப்பாரம் இறக்கும் காரணத்துக்கு வருவோம். மனத்துயரை எழுதுவது உடலுக்கும் நல்லது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் ஒரு சோதனையால் காட்டினார்: நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனத்தை வருத்தியதைப் பற்றி எழுதியவர்கள் அதன்பின் மருத்துவரிடம் போவது குறைந்தது. கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்கு வீடுகளுக்கும் வேலைக்குப் போகும் மலையக இளையோருக்கு இந்தக் காரணம் இப்போதுதான் பொருந்தத் தொடங்கியிருக்கிறது. ஆனால் அவர்கள் எழுதுவதைவிடக் கைப்பேசியில் பேசி அனுப்புவதே அதிகம். கைப்பேசி உடைந்தால் அந்தக் குரலும் போய்விடும்.

தொழிலாளர் வாழ்வின் ஆவணங்களைச் சேர்க்கும் முயற்சிகள் உண்டு. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தின் பழைய லயத்தில் 2007 முதல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இயங்குகிறது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகமும் ஈழத்து, மலையக எழுத்துகளை வருடி வைக்கிறது. மலையகத் தமிழர் வரவின் இருநூறாம் ஆண்டை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து நினைவுகூர்ந்தோம். நடந்தவர்களின் பாட்டன் பாட்டி எழுதிய கொப்பிகள் இன்னும் வீட்டுப் பெட்டிகளில்தான் கிடக்கின்றன. லயம் விட்டுப் புது வீட்டுக்குக் குடிபெயரும்போது அவற்றைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் எழுதியது என்று முதல் பக்கத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். வெளியே கொடுக்க மனமில்லையென்றால் பக்கம் பக்கமாகப் படமாவது எடுத்து வையுங்கள்.