தீப்பெட்டிக்கு ஏழு வருஷம் முன்னால்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

பொருளாதாரம் என்றால் பங்குச்சந்தை, பட்ஜெட், டாலர் விலை என்று டி.வி.யில் பேசுகிறார்களே, அது மட்டும்தான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம் திருத்தங்கல் பக்கத்து வடமலைபுரத்துக்கு 1916-லேயே பொருளாதாரம் நோட்டும் பென்சிலுமாக வந்துவிட்டுப் போனது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அந்தக் கதைதான் இது.

1915 கடைசியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் அவர்தான். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். தொழிலாளிகள் வந்து படிப்பதற்காக ஏற்பட்ட கல்லூரி அது. இங்கிலாந்தில் ஊர்ப்பொது நிலங்களை வேலியடைத்து எடுத்துக்கொண்டதால் குடியானவர்கள் என்ன ஆனார்கள் என்று 1907-ல் ஒரு புத்தகமும் எழுதியிருந்தார். மண்ணைத் தெரிந்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த இடத்தில் அவருக்கு ஒரு சங்கடம். மாணவர்களுக்கு ஆங்கிலப் பாடப்புத்தகம் மனப்பாடம். லங்காஷயர் மில்லைப் பற்றிக் கேட்டால் கடகடவென்று சொல்வார்கள். சொந்த ஊரில் ஒரு ஏர் மாட்டுக்கு என்ன விலை, களையெடுக்கும் பெண்ணுக்குக் கூலி காசா தானியமா என்று கேட்டால் பதில் வராது. (பல வருஷம் கழித்து நான் படித்தபோதும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது வேறு விஷயம்.) ஸ்லேட்டர் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். நிலம், கிணறு, மாடு, பயிர், கூலி, கடன், படிப்பு, வெளியூர் போனவர்கள் என்று பல தலைப்பு. 1916-ல் மாணவர்களிடம் அதைக் கொடுத்து, ஊருக்குப் போய் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். ஒரு நகரத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதற்குச் சோறும் ஆளும் அனுப்புகிற கிராமத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்தச் சமயம் இது ஒரு புதுக்காற்று. புனா பக்கத்தில் ஹெரால்டு மான் ஒரே ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு இதே மாதிரி வேலை செய்து 1917-ல் புத்தகமாக்கினார். இங்கிலாந்தில் ரௌண்ட்ரீ யார்க் நகரத்து ஏழைகளை வீடு வீடாகக் கணக்கெடுத்து 1901-லேயே வெளியிட்டிருந்தார். ஸ்லேட்டரின் தொகுப்பு 1918-ல் வந்தது. தென் ஆற்காட்டில் இருவேல்பட்டு, வட ஆற்காட்டில் தூசி, தஞ்சாவூர் ஜில்லாவில் பாலக்குறிச்சி, திருநெல்வேலியில் கங்கைகொண்டான், இன்னும் மலபார், ஆந்திரப் பக்கத்து ஊர்கள் சில. இராமநாதபுரம் ஜில்லாவுக்கு நம் வடமலைபுரம். விருதுநகர் மாவட்டம் பிறந்தது 1985-ல்தான், அதனால் அப்போது நாம் எல்லாரும் இராமநாதபுரத்துக்காரர்கள்.

இப்போது வருஷத்தைக் கவனியுங்கள். 1916. சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றுகூடக் கிடையாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி வந்து, இங்கே தீப்பெட்டி தொடங்கியது 1923. 1922-ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரி ஏறியதும் ஒரு காரணம். பட்டாசு பெரிய அளவில் வளர்ந்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், வெளிநாட்டுச் சரக்கு நின்ற பிறகு. ஆக, அந்த மாணவர் எழுதிக்கொண்டு போனது கந்தகமும் பொட்டாசியமும் வருவதற்கு முந்திய கரிசல். பருத்தி, கம்பு, சோளம், கமலை இறைக்கும் கிணறு, மழை பொய்த்தால் கடன். நமக்கு நம்மைப் பற்றிக் கிடைத்திருக்கும் 'முன்னால்' படம் அது. எங்கள் விஸ்வநத்தத்துக்கு அப்படி ஒரு படம் இல்லையே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

ஸ்லேட்டர் ஊருக்குப் போய்விட்டார். வேலை நிற்கவில்லை, அதுதான் அதிசயம். அவருக்குப் பின் அதே நாற்காலியில் உட்கார்ந்த பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணனோடு சேர்ந்து, 1936-37-ல் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினார். 1940-ல் அது புத்தகமாக வந்தது. இடையில் 1929-ல் தொடங்கிய உலக மந்தம். விளைபொருள் விலை பாதியாக விழுந்தால், அதே நூறு ரூபாய்க் கடனை அடைக்க இரண்டு மடங்கு மூட்டை விற்க வேண்டும். வட்டி ஏறாமலே கடன் ஏறுகிற கணக்கு இது. பிள்ளைகளுக்குப் பணவாட்டம் என்ற சொல்லை நான் இப்படித்தான் விளக்குவேன். 1938-ல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்ததற்குப் பின்னால் இருந்த நிலைமை இதுதான்.

பிறகு 1960-களில் மார்கரெட் ஹாஸ்வெல் என்ற அம்மையார் இந்த ஊர்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு எழுதினார். 1980-களின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் (மால்கம் ஆதிசேஷையா 1971-ல் தொடங்கியது) எஸ். குகன் முன்னின்று மறுபடி இந்தப் பாதையில் நடந்தது. வடமலைபுரத்துக்கு வந்தவர் வெங்கடேஷ் ஆத்ரேயா. அறிவொளி இயக்கத்தில் அலைந்த ஆசிரியர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானது.

அந்த வருஷங்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. விடிவதற்கு முன்னாலேயே ஆபீஸ் வண்டி வந்து ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பெஞ்சில் பிள்ளை இருக்காது. வீட்டுக்குப் போய்க் கேட்டால், "சார், அவ கட்டை அடுக்கப் போயிருக்கா, முன்பணம் வாங்கிட்டோம்" என்பார்கள். ஏழெட்டு வயசு. மழை இல்லாத ஊரில் அந்தப் பிள்ளையின் கூலியில்தான் அரிசி வாங்கினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் யாரையும் திட்ட எனக்கு வாய் வந்ததில்லை. ஆனால் அந்தப் பெண்கள் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்து, வங்கியில் கைநாட்டு வைக்க நிற்கும்போது பார்க்க முடிவதில்லை. 1986-ல் சட்டம் வந்தது. 1996-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பெஞ்சு மெதுவாக நிறைந்தது. என் பணிக்காலத்தில் நான் கண்ணால் பார்த்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இந்தப் பிள்ளைகளைப் பற்றி அரசுக் குழுக்களும் பத்திரிகைகளும் எழுதியது உண்டு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் தொழிலைப் பார்க்க வந்தார்கள். ஸ்லேட்டர் முறை வேறு. ஊரைப் பார்ப்பது, இருபது வருஷம் கழித்து அதே ஊரை மறுபடி பார்ப்பது. ஒரு விபத்து நடந்தால் நம் ஊருக்குக் கேமராவோடு எத்தனை பேர் வருகிறார்கள்! இறந்தவர் எண்ணிக்கை, நிவாரணத் தொகை, அவ்வளவுதான் செய்தி. அந்த வீட்டில் நிலம் இருந்ததா, எப்போது விற்றார்கள், முன்பணம் எவ்வளவு பாக்கி, மூத்த பிள்ளை படிப்பை நிறுத்தியதா என்று ஐந்து வருஷம் கழித்து யாரும் வந்து கேட்பதில்லை.

ஸ்லேட்டர் செய்ததில் குறை இல்லாமல் இல்லை. அன்றைக்குக் கல்லூரி வரை போனவர்கள் பெரும்பாலும் மேல்தட்டு வீட்டுப் பையன்கள். சேரிக்குள் எவ்வளவு தூரம் நடந்திருப்பார்கள், அடுப்படியில் இருந்த பெண்களிடம் என்ன கேட்டிருப்பார்கள்? பதில் சொன்னவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் ஊரே மாறித் தெரியும்.

இதையெல்லாம் யோசித்து, ஓய்வுக்கு முந்திய வருஷம் என் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம், ஆளுக்கு ஐந்து வீடு, பத்துக் கேள்வி என்று கொடுத்தேன். பெண் பிள்ளைகள் எழுதிய நோட்டுகள்தான் உருப்படியாக இருந்தன. அவர்கள் அடுப்படி வரை போய்விட்டார்கள். 'தொழில்' என்ற கட்டத்தில் ஆண்கள் எல்லாரும் ஒரே வார்த்தையில் "பட்டாசு" என்றிருந்தார்கள். பெண்கள் சொன்னது நீளம்: காலையில் ஆபீஸ், சாயங்காலம் வீட்டில் பெட்டி ஒட்டுவது, ஞாயிற்றுக்கிழமை நூறு நாள் வேலைக்கு அட்டை இருக்கிறதா என்று விசாரிப்பது, நடுவில் ஆடு. ஒரு பிள்ளை அந்தக் கட்டத்தில் இடம் பற்றாமல் பக்கத்துத் தாளை ஒட்டியிருந்தாள்.

அந்த நோட்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன. நம் பக்கத்துக் கல்லூரிகளில் பொருளாதாரம், வரலாறு, சமூகப்பணி படிக்கிற பிள்ளைகள் யாராவது அதே வீடுகளுக்கு மறுபடி போக விரும்பினால், கேள்வித்தாளைப் பிரதி எடுத்துத் தருகிறேன். வீட்டுக்காரர்களிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும், பெயரை வெளியே போடக்கூடாது. சாயங்காலம் 5 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் வேண்டாம், அப்போது எந்த வீட்டிலும் பதில் சொல்ல ஆள் இருக்காது.