டர்போ பாஸ்கல்

அமெரிக்காவின் போர்லாண்ட் நிறுவனம் 1983 நவம்பரில் வெளியிட்ட பாஸ்கல் மொழிக் கம்பைலர், அதாவது நிரலை இயந்திர மொழியாக்கும் கருவி. விலை 49.95 டாலர். தொழில்முறை நிரலாளருக்குப் போதுமான கருவியைத் தனியாள் தன் கைக்காசில் வாங்க முடிந்த காலம் பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

அதற்கு முன்பிருந்த நிலைமை வேறு. வீட்டில் பொழுதுபோக்காகக் கணினி கட்டியவர்கள் மென்பொருளைத் தங்களுக்குள் படியெடுத்துக் கொண்டனர். ஆல்டேர் என்னும் அக்காலச் சிறு கணினி வைத்திருப்போரில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே தம் நிறுவனத்தின் பேசிக் மொழியை விலை கொடுத்து வாங்கியதாக 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் திறந்த மடல் எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் டாம் பிட்மன் என்ற நிரலாளர் தம் டைனி பேசிக்கை 5 டாலருக்கு விற்றார். விலை நியாயமாக இருந்தால் படியெடுப்பவரும் வாங்குவார் என்ற எண்ணம் அன்றே இருந்தது. ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் முழுமையான கம்பைலர்கள் பல நூறு டாலர் விலையில், நிறுவனங்களை நம்பியே விற்கப்பட்டன. பாஸ்கலும் அப்படித்தான். மாணவருக்குக் கற்பிப்பதற்கென்று நிக்லவுஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட மொழி, சொந்தமாகக் கற்க நினைத்தவருக்கு எட்டாத விலையில் இருந்தது.

டர்போ பாஸ்கலின் கரு டென்மார்க்கில் உருவானது. ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் என்ற இளைஞர் நாஸ்காம் என்னும் சிறு கணினிக்காக 12 கிலோபைட்டில் அடங்கும் பாஸ்கல் கம்பைலர் ஒன்றை எழுதினார். அது வளர்ந்து காம்பஸ் பாஸ்கல் ஆனது. ஜூரிக்கில் விர்த்திடம் பயின்ற பிரெஞ்சுக்காரர் பிலிப் கான், கலிபோர்னியாவில் நடத்திவந்த போர்லாண்டுக்காக அதன் உரிமத்தைப் பெற்றார். 'பைட்' இதழில் விளம்பரம் செய்து அஞ்சல் வழியே விற்றதால் கடைக்காரருக்குப் பங்கு தர வேண்டியிருக்கவில்லை. குறைந்த விலை கட்டுப்படியானதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விலையைப் போலவே வேகமும் ஆளை இழுத்தது. மற்றக் கம்பைலர்களில் எடிட்டரில் எழுதி, வெளியேறி, கம்பைலரை ஏற்றி, அது நிரலைப் பலமுறை படித்து முடித்த பின் லிங்கரை ஓட்ட வேண்டும். இடையிடையே ஃப்ளாப்பியை மாற்றவும் வேண்டும். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் எல்லாம் முதலிலிருந்து. ஹெய்ல்ஸ்பெர்கின் கம்பைலர் நிரலை ஒரே முறை படித்து, நினைவகத்திலேயே இயந்திர மொழியாக்கியது. பிழை கண்டால் எடிட்டரைத் திறந்து, கர்சரைப் பிழையுள்ள இடத்திலேயே நிறுத்தியது. பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் தனியே கற்றவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடைத்திருக்க முடியாது. எடிட்டரும் கம்பைலரும் சேர்ந்த 3.02 பதிப்பின் முதன்மைக் கோப்பு வெறும் 39,731 பைட்.

உரிம ஒப்பந்தமும் போற்றத்தக்கது. இந்த மென்பொருளைப் புத்தகம்போல் நடத்துங்கள் என்றது அது: யாரும் பயன்படுத்தலாம், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லலாம், ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் பயன்படுத்தக் கூடாது. வாங்குபவரைத் திருடனாகப் பார்க்காத இந்தச் சில வரிகள் விலைக் குறைப்புக்கு நிகரான துணிச்சல்.

குறைகளும் உண்டு. நிரலின் குறிமுறை 64 கிலோபைட்டைத் தாண்ட முடியாத தடை 1987-இல் வந்த 4.0 பதிப்பில்தான் நீங்கியது. 5.5 பதிப்பு 1989-இல் பொருள்நோக்கு நிரலாக்கத்தைக் கொண்டுவந்தது. இதற்குள் மைக்ரோசாஃப்டும் குயிக் வரிசைக் கம்பைலர்களை 99 டாலர் அளவில் விற்கத் தொடங்கியிருந்தது.

49.95 டாலர் என்பது இந்தியாவில் அன்றைக்கு ஏறக்குறைய 500 ரூபாய். அமெரிக்க மாணவருக்கு மலிவானது இங்கே மலிவல்ல. தமிழகத்தில் டர்போ குடும்பத்தின் பெயர் நிலைத்தது டர்போ சி, டர்போ சி++ வழியாகத்தான். பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் டர்போ சி++ எடிட்டரின் நீலத் திரை இரண்டாயிரங்களிலும் நீடித்தது. சி++ மொழிக்கு 1998-இல் வந்த தரநிலைக்கு முற்பட்ட கருவி அது. எனவே அதில் பழகிய மாணவர்கள் வேலைக்குச் சென்றதும் பலவற்றை மறந்து, புதிதாகக் கற்க நேர்ந்தது.

ஹெய்ல்ஸ்பெர்க் 1996-இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார். சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் மொழிகளின் உருவாக்கத்தில் முன்னின்றார். இதற்கிடையே கம்பைலர்களின் விலை தொடர்ந்து இறங்கியது. ரிச்சர்ட் ஸ்டால்மனின் ஜி.சி.சி. கம்பைலர் 1987 முதலே கட்டணமின்றி, மூல நிரலோடு கிடைத்தது. மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ எக்ஸ்பிரஸ் 2006-இல் நிரந்தரமாக இலவசமானது. 2014-இல் வந்த கம்யூனிட்டி பதிப்பு தனியாளுக்கும் மாணவருக்கும் முழு வசதியையும் தந்தது. டர்போ பாஸ்கலின் வாரிசான டெல்ஃபைக்கும் 2018-இல் இலவசப் பதிப்பு வந்தது, ஆனால் ஆண்டு வருமானம் 5,000 டாலரைத் தாண்டாதவருக்கு மட்டும். பழைய டர்போ பாஸ்கல் நிரல்களைப் பெரும்பாலும் அப்படியே ஏற்கும் ஃப்ரீ பாஸ்கலை, வருமானம் எவ்வளவாயினும் எவரும் இறக்கிப் பயன்படுத்தலாம்.